இருபத்து மூன்று நாள் கடிகாரம்: 2010 சென்காகு மோதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2010 செப்டம்பர் 7 அன்று கிழக்குச் சீனக் கடலில், சென்காகு தீவுகளுக்கு அருகே, ஒரு சீன மீன்பிடிக் கப்பல் ஜப்பானியக் கடலோரக் காவல்படையின் இரண்டு ரோந்துக் கப்பல்கள் மீது அடுத்தடுத்து மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. சேதம் என்று பார்த்தால் வளைந்த கைப்பிடிக் கம்பிகளும் ஒரு கப்பலின் பக்கவாட்டில் விழுந்த பள்ளமும்தான். கப்பல் தலைவர் பதினெட்டாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அமைச்சர் மட்டத் தொடர்புகள் நின்றன, நான்கு ஜப்பானியர்கள் சீனாவில் காவலில் வைக்கப்பட்டார்கள், உலகத் தொழிற்சாலைகள் ஒரு மூலப்பொருளுக்காகப் பதறின.

மோதலே இந்த விரிசலுக்குக் காரணம் என்று சொல்வது எளிது. இந்த ஆய்வு வேறொன்றைப் பார்க்கிறது. ஜப்பானியக் குற்றவியல் நடைமுறையில் கைதுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுக்கள் ஒவ்வொன்றாக முடிந்தபோது, டோக்கியோ அதைச் சட்டத்தின் போக்கு என்றது. பெய்ஜிங் அரசியல் முடிவு என்று எடுத்துக்கொண்டது.

பின்னணி

சென்காகு என்று ஜப்பானியரும் தியாவ்யூ என்று சீனரும் அழைப்பது ஆளில்லாத சில தீவுகளும் பாறைகளும். ஜப்பானின் இஷிகாக்கித் தீவிலிருந்து ஏறத்தாழ 170 கி.மீ.; தைவானிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம். 1895 ஜனவரியில் அமைச்சரவை முடிவு ஒன்றின் மூலம் ஜப்பான் இவற்றைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்து, 1972 மே 15 அன்று ஒகினாவாவோடு சேர்ந்து ஜப்பானிடம் திரும்பின. 1960-களின் இறுதியில் நடந்த ஐ.நா. ஆய்வு கடலடியில் எண்ணெய் இருக்கக்கூடும் என்றது. 1971-இல் சீனாவும் தைவானும் முறைப்படி உரிமை கோரின.

1978 அக்டோபரில் டோக்கியோவில் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங், இந்தத் தலைமுறைக்கு இதைத் தீர்க்கும் அறிவு போதாது, அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பேசினார். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 'ஒத்திவைப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்' என்பது சீனாவின் நிலை. 'அப்படி எந்த ஒப்புதலும் இல்லை, தீர்க்கவேண்டிய எல்லைத் தகராறே இல்லை' என்பது ஜப்பானின் நிலை. சத்தமில்லாமல் சமாளித்துவிடலாம் என்று இருவரும் நினைத்தாலும், எதைச் சமாளிக்கிறோம் என்பதற்குப் பொதுவான பெயர்கூடக் கிடையாது.

நடைமுறையில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, 1997-இல் கையெழுத்தாகி 2000-இல் நடப்புக்கு வந்த மீன்பிடி ஒப்பந்தம். இதன்படி 27 டிகிரி வட அட்சரேகைக்குத் தெற்கே, பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில், அவரவர் படகுகளை அவரவரே கட்டுப்படுத்துவார்கள். ஆனால் தீவைச் சுற்றிய 12 கடல் மைலுக்குள் இது செல்லாது. அங்கே காவல்படை ஒலிபெருக்கியில் எச்சரித்து விரட்டும். படகுகளும் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது, 2004-இல் கிடைத்த முன்னுதாரணம். அந்த மார்ச் 24 அன்று ஏழு சீன ஆர்வலர்கள் இந்தத் தீவுகளில் ஒன்றான உவோட்சுரியில் இறங்கினார்கள். ஒகினாவா போலீஸ் கைது செய்தது. இரண்டே நாளில் குடிவரவு அதிகாரிகளிடம் ஒப்படைத்து நாடு கடத்தினார்கள். குடிவரவுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: வேறு குற்றம் எதுவும் சேராவிட்டால், அரசு வழக்கறிஞரிடம் அனுப்பாமல் நேரே குடிவரவுத் துறையிடம் கொடுத்துவிடலாம். 'வேறு குற்றம் எதுவும் சேராவிட்டால்' என்ற அந்தச் சொற்கள் ஆறு வருடம் கழித்து முக்கியமாகின.

கடலில் நடந்தது

அன்று அந்தப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட சீன மீன்பிடிக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் பல 12 மைல் கோட்டுக்கு உள்ளே. வழக்கு எழுந்த கப்பல் ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்த 166 டன் இழுவலைக் கப்பல்; தலைவரோடு பதினைந்து பேர். இடம், சென்காகுவில் ஒன்றான குபா தீவுக்கு வடமேற்கே சுமார் 12 கி.மீ., அதாவது ஆறரை கடல் மைல். தீவு ஜப்பானுடையது என்று ஏற்றுக்கொண்டால், இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜப்பானியக் கடல்.

காலை 10:15 அளவில், வலையை ஏற்றி முடித்த கப்பல் முன்னோக்கி நகர்ந்து 'யோனாகுனி' என்ற ரோந்துக் கப்பலின் பின்பகுதியில் இடித்துவிட்டுப் போனது. யோனாகுனி ஆயிரத்து முந்நூறு டன்னுக்கு மேல். இந்த இடி அதற்குப் பெரிய விஷயமில்லை. சுமார் நாற்பது நிமிடம் கழித்து நடந்தது வேறு மாதிரி. 'மிசுகி' இருநூறு டன்னுக்கும் குறைவு; மீன்பிடிக் கப்பலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நிற்கச் சொல்லி இணையாக ஓடிக்கொண்டிருந்த மிசுகியின் வலப்பக்கம் மீன்பிடிக் கப்பல் இருந்தது. புகைபோக்கியில் கறுப்புப் புகை கக்க, அது இடப்பக்கம் திரும்பி மிசுகியின் நடுப்பகுதியில் மோதியது. பிற்பாடு வெளியான காணொளியில் இந்தத் திருப்பம் தெளிவாகத் தெரிகிறது. எஞ்சினை முடுக்காமல் அந்தப் புகை வராது என்பது கடல் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மதியத்துக்குப் பிறகு காவல்படையினர் கப்பலில் ஏறி அதை நிறுத்தினார்கள்.

முதல் முடிவு: எந்தப் பிரிவில் கைது?

கப்பலில் ஏறியதற்கும் கைதுக்கும் இடையே பாதி நாளுக்கு மேல் ஓடியது. டோக்கியோவில் பிரதமர் அலுவலகத்தில் ஆலோசனை நடந்தது. செப்டம்பர் 8 அதிகாலை 2 மணி அளவில், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றத்துக்காகக் கப்பல் தலைவர் கைதானார். மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றம் அது.

எல்லை மீறி மீன்பிடித்ததாக மட்டும் வழக்குப் போட்டிருக்கலாம். எச்சரித்து விரட்டியும் இருக்கலாம். இரண்டும் நிராகரிக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. இரண்டு அரசுக் கப்பல்களை இடித்தவரைச் சும்மா விட்டால், நாளைக்கு அங்கே வரும் ஒவ்வொரு படகுக்கும் அது பாடமாகிவிடும். களத்தில் இருப்பவர்களின் பாதுகாப்பும் கணக்கில் வரும். முடிவு தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்த நொடியில் 2004-இன் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் கடிகாரம் ஓடத் தொடங்கியது: 48 மணி நேரத்துக்குள் அரசு வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும், அவர் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் காவல் கேட்க வேண்டும், காவல் 10 நாள், தேவைப்பட்டால் இன்னும் 10 நாள். மொத்தம் 23 நாள். அதற்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையேல் விட வேண்டும். உள்ளே போகும் வழி தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. வெளியே வரும் வழியை முன்கூட்டியே முடிவு செய்ததற்கான தடயம் அதன்பின் நடந்தவற்றில் தென்படவில்லை.

பெய்ஜிங் படித்த விதம்

'உள்நாட்டுச் சட்டப்படி ஷுகுஷுகு என்று நடத்துவோம்' என்றது டோக்கியோ. ஆரவாரமில்லாமல், ஒழுங்காக என்பது பொருள். ஜப்பானியக் காதுக்கு இது பதற்றத்தைத் தணிக்கும் பேச்சு. பெய்ஜிங்குக்கு அதில் கேட்டது 'உள்நாட்டுச் சட்டப்படி' என்ற பகுதி மட்டும்தான். ஒரு சீனக் குடிமகனை அந்தத் தீவை முன்னிட்டு ஜப்பானிய நீதிமன்றத்தில் நிறுத்தினால், அது அந்தத் தீவின் மேல் ஜப்பானின் அதிகாரத்தை நிலைநாட்டும் செயல். ஒத்திவைப்பு இருக்கிறது என்று நம்பும் அரசுக்கு, இது அந்த ஒத்திவைப்பை முறிப்பது.

ஆள் மாற்றமும் சேர்ந்துகொண்டது. ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பழைய ஆளுங்கட்சியில் பெய்ஜிங்கோடு மறைவாகப் பேசக்கூடிய மூத்தவர்கள் இப்போது எதிர்க்கட்சியில். 143 எம்.பி.க்களை 2009 டிசம்பரில் பெய்ஜிங்குக்கு அழைத்துப் போன, ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஒசாவா இச்சிரோ, செப்டம்பர் 14 கட்சித் தலைமைத் தேர்தலில் பிரதமர் கான் நாவோட்டோவிடம் தோற்றார். 17-ஆம் தேதி மயெஹாரா செய்ஜி வெளியுறவு அமைச்சரானார். கைது நடந்தபோது கடலோரக் காவல்படையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அமைச்சர் அவர்தான். உட்கட்சிக் கணக்கில் நடந்த இந்த மாற்றத்தை, கைதுக்குக் கிடைத்த பரிசாகப் பெய்ஜிங் பார்த்திருந்தால் ஆச்சரியமில்லை.

சீனாவின் தரப்பிலும் சமிக்ஞை கோணலாகவே போய்ச் சேர்ந்தது. 12-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, சீன அரசவை உறுப்பினர் தாய் பிங்குவோ ஜப்பானியத் தூதர் நிவா உய்ச்சிரோவை அழைத்துப் பேசினார். இவ்வளவு மேல்மட்டத்தில் இந்த நேரத்தில் அழைத்தால் விஷயத்தின் கனம் புரியும் என்பது அழைத்தவர்களின் கணக்காக இருக்கலாம். டோக்கியோவில் விவாதம், அந்நேரத்தில் தூதரைக் கூப்பிடுவது அவமரியாதை என்று திசை திரும்பியது. சொல்ல வந்தது அமுங்கிப்போனது.

இரண்டாவது முடிவு: காவல் நீட்டிப்பு

13-ஆம் தேதி கப்பலையும் பதினான்கு பணியாளர்களையும் ஜப்பான் விடுவித்தது. தலைவர் மட்டும் உள்ளே. விசாரணைக்குத் தேவைப்படாதவர்களை விட்டுவிட்டோம் என்பது ஜப்பானின் கணக்கு. மறுபக்கம் இது முதல் தவணையாகத் தெரிந்தது. 19-ஆம் தேதி முதல் பத்து நாள் முடியும்போது இரண்டாம் தவணை வரும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது.

19-ஆம் தேதி காவல் மேலும் பத்து நாள் நீட்டிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் செப்டம்பர் 18. 1931-இல் மஞ்சூரியா ஆக்கிரமிப்புக்கு வழிவகுத்த முக்டன் சம்பவத்தின் நினைவு நாள் அது. சீன நகரங்களில் போராட்டம் நடந்து முடிந்திருந்த நேரம். கெடு அந்தத் தேதியில் வந்து விழுந்தது நாட்காட்டியின் வேலை. அதை நம்பும் மனநிலை பெய்ஜிங்கில் இல்லை.

அன்றே எதிர்வினை வந்தது. அமைச்சர் மட்டத்திலும் அதற்கு மேலும் நடந்த பரிமாற்றங்கள் நின்றன. விமானத் தடங்களைக் கூட்டும் பேச்சும் நிலக்கரிப் பேச்சும் நிறுத்தப்பட்டன. கிழக்குச் சீனக் கடல் எரிவாயு வயல் பேச்சு ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. ஷாங்காய் உலகக் கண்காட்சிக்குக் கிளம்பத் தயாராக இருந்த ஆயிரம் ஜப்பானிய இளைஞர்களின் பயணம் தடைப்பட்டது. 20-ஆம் தேதி ஹெபெய் மாகாணத்தில், ராணுவப் பகுதியில் படம் எடுத்ததாக ஒரு கட்டுமான நிறுவனத்தின் நான்கு ஊழியர்கள் பிடிபட்டார்கள். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் சீனாவில் விட்டுப்போன ரசாயன ஆயுதங்களை அழிக்கும் திட்டம் தொடர்பாக வந்தவர்கள் அவர்கள். 21-ஆம் தேதி நியூயார்க்கில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் நிபந்தனையற்ற விடுதலையைக் கோரினார். பிரதமரே வெளிப்படையாகக் கேட்டுவிட்டால், அதற்குக் கீழே யாரும் இறங்கிப் பேச முடியாது.

அரிய மண் தனிமங்கள்

இந்த நிகழ்வைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நேரே இங்கே வந்துவிடுகிறார்கள், அதுவும் பாதித் தகவலோடு. காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவைப்படும் இந்தத் தனிமங்களின் உலக உற்பத்தியில் சுமார் 97 சதவீதம் அப்போது சீனாவிடம். செப்டம்பர் 20-ஐ ஒட்டி, ஜப்பானுக்கான சரக்குகள் சீனத் துறைமுகங்களில் சுங்கச் சோதனை, காகித வேலை என்று தேங்குவதாக வணிக நிறுவனங்கள் கூறின. தடை ஏதும் இல்லை என்றது சீன அரசு. எழுத்தில் ஆணை எதுவும் வெளிவரவில்லை.

ஆனால் மோதலுக்கு இரண்டு மாதம் முன்பே, 2010 ஜூலையில், இரண்டாம் அரையாண்டு ஏற்றுமதி ஒதுக்கீட்டைச் சீனா கடுமையாக வெட்டியிருந்தது. 2009-இல் ஏறத்தாழ 50,000 டன்னாக இருந்த வருட ஒதுக்கீடு 2010-இல் 30,000 டன் அளவுக்கு இறங்கியது. விலை ஏறக் காரணமான பற்றாக்குறை கப்பல் மோதுவதற்கு முன்பே தயாராகிவிட்டது. செப்டம்பரில் துறைமுகங்களில் நடந்தது உண்மையென்றால், அது ஏற்கெனவே இறுகிய கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கியது.

விளைவு ஜப்பானுக்கே சாதகமாக முடிந்தது என்பது வேடிக்கை. அதே இலையுதிர் காலத்தில் மாற்று வழிகளுக்காக 10,000 கோடி யென் ஒதுக்கினார்கள். 2011-இல் அரிய மண் எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் ஜப்பானிய அரசு அமைப்பும் ஒரு வணிக நிறுவனமும் சேர்ந்து 25 கோடி டாலர் போட்டன. 2012-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 2014-இல் வென்றன. 2015 தொடக்கத்தில் சீனா ஒதுக்கீட்டு முறையை நீக்கியது.

மூன்றாவது முடிவு: விடுதலை

23-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன், ஜப்பான் தாக்கப்பட்டால் அமெரிக்கா துணைநிற்க வழிசெய்யும் இரு நாட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு சென்காகுவுக்கும் பொருந்தும் என்று மயெஹாராவிடம் உறுதிப்படுத்தினார். ஜப்பானுக்கு இது பின்வாங்க ஒரு பிடிமானம். அதே நாள் வெளியுறவு அமைச்சக அதிகாரி ஒருவர், வழக்கைக் கையாண்ட ஒகினாவாவின் நஹா அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் நிலைமையை விளக்கினார்.

24-ஆம் தேதி, காவல் முடிய ஐந்து நாள் இருக்கையில், நடவடிக்கையை ஒத்திவைத்து விடுவிப்பதாக நஹா அலுவலகம் அறிவித்தது. சொன்ன காரணங்களில், ஜப்பானிய மக்கள் மீதான தாக்கமும் இனிவரும் ஜப்பான்–சீன உறவும் இருந்தன. பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் அப்போது நியூயார்க்கில். டோக்கியோவில் தலைமை அமைச்சரவைச் செயலர் செங்கோகு யோஷிதோ, இது வழக்கறிஞர்களின் சொந்த முடிவு என்றார்.

மொத்த நிகழ்விலும் மிகத் தவறான முடிவு இதுதான் என்பது இந்த ஆய்வின் கருத்து. விடுதலையைக் குறை சொல்லவில்லை. அதை யார் வாயால் சொல்லவைத்தார்கள் என்பதுதான் குறை. வெளியுறவைக் கணக்கிட்டதாக ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்ததும், இதுவரை சொல்லிவந்த 'சட்டப்படி மட்டுமே' என்ற பேச்சு பொய்யாகிவிட்டது. அழுத்தம் கொடுத்தால் சட்டம் வளையும் என்று பெய்ஜிங் புரிந்துகொண்டது. அரசாங்கம் ஒளிந்துகொள்கிறது என்று ஜப்பானியர் புரிந்துகொண்டார்கள். ஒரே அறிவிப்பில் இரு பக்கமும் நம்பிக்கை போயிற்று.

25-ஆம் தேதி அதிகாலை தனி விமானத்தில் தலைவர் ஃபூஜோவ் போய் இறங்கினார். அன்றே சீனா மன்னிப்பும் இழப்பீடும் கேட்டது. ஜப்பான் மறுத்தது, கப்பல்களைப் பழுதுபார்த்த செலவை நீங்கள் கொடுங்கள் என்றது. காவலில் இருந்த நான்கு ஊழியர்களில் மூவர் 30-ஆம் தேதியும் கடைசி ஆள் அக்டோபர் 9-இலும் விடுதலையானார்கள்.

பின்விளைவுகள்

அக்டோபர் 4 அன்று பிரஸ்ஸல்ஸ் மாநாட்டு நடைவழியில் கானும் வென்னும் நாற்காலியில் உட்கார்ந்து 25 நிமிடம் பேசினார்கள். மாத இறுதியில் ஹனோயில் முறையான சந்திப்பு கடைசி நேரத்தில் ரத்தாகி, பத்து நிமிடப் பேச்சாகச் சுருங்கியது. இடையில் செங்டு, சியான், செங்ஜோவ் நகரங்களில் ஜப்பான் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன.

மோதல் காணொளியை, வழக்கின் சான்று என்று சொல்லி, அரசு வெளியிடவில்லை. நவம்பர் 1 அன்று ஏழு நிமிடத்துக்கும் குறைவான தொகுப்பை முப்பது எம்.பி.க்கள் அளவில் பார்க்கவிட்டார்கள். நவம்பர் 4 இரவு சுமார் 44 நிமிடக் காட்சி யூடியூபில் வந்துவிட்டது. போட்டவர் ஒரு கடலோரக் காவல்படை அதிகாரி. அவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. இடைநீக்கத் தண்டனை பெற்று வேலையை விட்டார். செங்கோகுவுக்கு எதிராக மேலவையில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. ஜப்பான் அமைச்சரவை அலுவலகக் கணிப்பில், சீனாவோடு நெருக்கம் உணரவில்லை என்றவர்கள் 2009-இல் 58.5 சதவீதம், 2010 அக்டோபரில் 77.8.

வழக்கு 2011 ஜனவரியில் குற்றம் சாட்டாமல் மூடப்பட்டது. குடிமக்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு அதை ஏற்காமல், 2012 மார்ச்சில் கட்டாயக் குற்றச்சாட்டு தாக்கலானது. சீனாவில் இருப்பவருக்குக் குற்றப்பத்திரிகையைச் சேர்ப்பிக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் சேராவிட்டால் அது செல்லாது. மே மாதம் நஹா நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

எதை மாற்றிச் செய்யலாம்

கைதுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அதே கூட்டத்தில், 48-ஆவது மணி, 10-ஆவது நாள், 20-ஆவது நாள் ஆகிய மூன்றிலும் என்ன செய்வோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேதியும் எதிர்த் தரப்பின் நாட்காட்டியில் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 18 யாருக்கும் தெரியாத தேதி இல்லை. நீட்டிப்பு தவிர்க்க முடியாதது என்றால், பணியாளர்களை விடும்போதே 'தலைவர் விஷயம் வேறு, 29 வரை போகலாம்' என்று தூதர் வழியாகச் சொல்லியிருக்கலாம். கோபம் வந்திருக்கும், ஏமாற்றம் வந்திருக்காது.

விடுதலைக்கு ஒரு நேர்வழி இருந்தது. தனி வழக்கிலும் தலைமை அரசு வழக்கறிஞருக்கு உத்தரவிட, வழக்கறிஞர் அலுவலகச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு நீதி அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. 1954-இல் கப்பல் கட்டும் ஊழல் வழக்கில் அதைப் பயன்படுத்தி அரசு பெயரைக் கெடுத்துக்கொண்டது. அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும் அரசாங்கம் தன் பெயரில் முடிவெடுத்து, தன் பெயரில் திட்டு வாங்கியிருந்தால், சட்டத்துறையின் பேச்சுக்கு மதிப்பு மிஞ்சியிருக்கும்.

காணொளியைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. முதல் நாளே வெளியிட்டிருந்தால், தங்கள் கப்பல்தான் இடிபட்டது என்ற சீனத் தரப்பின் பேச்சு எடுபட்டிருக்காது. ஆனால் ஜப்பானில் கோபம் ஏறி, விடுதலை இன்னும் கடினமாகியிருக்கும். இரண்டும் உண்மை. இரண்டு மாதம் பூட்டி வைத்து, பிறகு கசியவிட்டதுதான் எந்தக் கணக்கிலும் சேராதது.

சில பாடங்கள் நடைமுறைக்கு வந்தன. 2012 ஆகஸ்ட் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து படகில் வந்த பதினான்கு பேரைக் கைது செய்தபோது, வேறு குற்றம் சேர்க்காமல் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் சட்டத்தைத் திருத்தி, கப்பலில் ஏறிச் சோதிக்காமலே வெளியேற உத்தரவிடும் அதிகாரத்தைக் காவல்படைக்குக் கொடுத்தார்கள். கைதுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவே ஒரு படி கிடைத்தது. ஆனால் செப்டம்பர் 11 அன்று பிரதமர் நோடாவின் அரசு மூன்று தீவுகளைத் தனியாரிடமிருந்து 205 கோடி யென்னுக்கு வாங்கியது. அதன்பின் அங்கே வருவது பெரும்பாலும் சீன அரசுக் கப்பல்கள். 2024-இல் 355 நாட்கள், கடல் எல்லையை ஒட்டிய பகுதியில் அவை காணப்பட்டன.

தொடர்பு வழி விஷயத்தில், 2007-இல் தலைவர்கள் பேசத் தொடங்கிய கடல்–வான் தொடர்பு ஏற்பாடு 2018 ஜூனில்தான் நடப்புக்கு வந்தது. நேரடித் தொலைபேசி 2023-இல். அந்த இணைப்பு இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகங்களுக்கு இடையிலானது. 2010-இல் போல ஒரு மீன்பிடிக் கப்பலும் ஒரு ரோந்துக் கப்பலும் நேருக்கு நேர் வந்தால், அன்று போலவே ஒலிபெருக்கியில்தான் பேச வேண்டியிருக்கும்.